ஹைப்ரிட் குடும்பக் கார்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கும், வாங்கியபின் மைலேஜ் எடுக்கும் வழியும்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் யார் வீட்டு வாசலில் புதுக் கார் வந்து நின்றாலும் ஒறம்பரை (சொந்தபந்தம்) கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு குடுக்குதுங்க?" சாதாரண பெட்ரோல் காருக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட்டுக்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டிக்குச் சாயங்கால நெரிசலில் போகும்போது ஒன்று, சேலம் ரோட்டில் விரட்டும்போது ஒன்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதற்கு இரண்டு கிலோமீட்டர் போய்வந்தால் இன்னொன்று. அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் உங்கள் ஓட்டத்தைக் கணக்கெடுங்கள். இந்த வழிகாட்டியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 1: எது உண்மையான ஹைப்ரிட் என்று பிரித்துப் பாருங்கள்

பின்கதவில் 'ஹைப்ரிட்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. எர்டிகாவில் இருக்கும் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்பது மைல்ட் ஹைப்ரிட். அதில் ஒரு சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், சிக்னலில் நின்ற இன்ஜினை மறுபடி கிளப்பும், அவ்வளவுதான். தனியாகக் காரை நகர்த்தாது.

இந்தக் கட்டுரை பேசுவது ஸ்ட்ராங் ஹைப்ரிட்டைப் பற்றி. இதில் மோட்டார் மட்டுமே காரை ஓட்டும், இன்ஜின் மட்டுமே ஓட்டும், இரண்டும் சேர்ந்தும் ஓட்டும். எப்போது எது என்பதைக் காரின் கணினி முடிவு செய்துகொள்ளும். பிளக் போட்டு சார்ஜ் செய்யும் வேலை இல்லை.

பெரிய குடும்பத்துக்கு என்றால் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், அதே வண்டி மாருதி பெயரில் வரும் இன்விக்டோ. இரண்டிலும் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், மோட்டாரும் சேர்ந்து 186 பிஎஸ் (குதிரைசக்தி). ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சி சங்கம்) சோதனையில் லிட்டருக்கு 23.24 கிமீ. பெட்ரோல் டேங்க் 52 லிட்டர். நாலைந்து பேர் வீட்டுக்கு மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர்: 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், ஏஆர்ஏஐ எண் 27.97. ஹோண்டா சிட்டியிலும் ஹைப்ரிட் உண்டு, ஆனால் அது செடான். குலதெய்வம் கோயிலுக்குப் பாத்திரம், பண்டம், பாட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு இடம் பற்றாது.

ஏஆர்ஏஐ எண் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுப்பது. ஏசி போட்டு, ஏழு பேர் ஏறி, பல்லடம் ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் கணக்கு அதில் இல்லை. ஹைகிராஸில் நிஜ ஓட்டத்தில் 16 முதல் 19 வரை வந்தால் வண்டி சரியாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு வண்டிக்கு, அதுவும் பெட்ரோலில், இது நல்ல எண்.

படி 2: பெட்ரோல் எங்கே மிச்சமாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஓடும்போது தொட்டி நிறைகிறது, மோட்டாரை நிறுத்தியபின் தொட்டித் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது. ஹைப்ரிட் பேட்டரியும் அந்தத் தொட்டி மாதிரிதான். தொட்டி சின்னது, ஆனால் நாள் முழுக்க நிறைந்து காலியாகிக்கொண்டே இருக்கும்.

அது நிறைவது இரண்டு வழியில். ஒன்று, பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சாதாரண காரில் பிரேக் சூடாகி வீணாகும் ஆற்றலை மின்சாரமாகச் சேர்க்கிறது. இரண்டு, இன்ஜின் ஓடும்போது மிஞ்சும் சக்தியைக் கொஞ்சம் பேட்டரிக்கு அனுப்புகிறது. இன்ஜினும் இதற்கென்றே வடிவமைத்தது. அட்கின்சன் சுழற்சி என்பார்கள். உள்வால்வு வழக்கத்தைவிடத் தாமதமாக மூடுவதால் இழுவிசை கொஞ்சம் குறையும், ஆனால் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 40 சதவீதம் வரை வேலையாக மாறும். குறைந்த இழுவிசையை மோட்டார் ஈடுகட்டிவிடும்.

டொயோட்டா முறையில் வழக்கமான கியர்பாக்ஸ், கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லை. இரண்டு மோட்டாரையும் இன்ஜினையும் ஒரு பற்சக்கரத் தொகுதி சேர்க்கிறது. ரிப்பேருக்கு வரும் உருப்படிகள் குறைவு என்பதால், மின்சாரம் என்றாலே பயப்படுகிற பெரியவர்களுக்கு இதைத் தாராளமாக எடுத்துச் சொல்லலாம்.

ஆக, நின்று நின்று போகும் ஊருக்குள்தான் ஹைப்ரிட் தன் முழு வேலையைக் காட்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்கே பிடிப்பதில்லை, சேர்ப்பதற்கும் ஒன்றுமில்லை. வழக்கமான காரின் கணக்குக்கு இது நேர்த் தலைகீழ்.

படி 3: ஒரு வார ஓட்டத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் ஏழு நாளுக்கு எழுதுங்கள்: எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், ஊருக்குள்ளா வெளிரோடா, எத்தனை பேர். பிறகு மூன்று கூறாகப் பிரியுங்கள்.

ஊர் நெரிசல் பாதிக்கு மேல் இருந்தால் ஹைப்ரிட் உங்களுக்கானது. திருப்பூரில் கம்பெனி, டையிங், பேங்க் என்று நாள் முழுக்கச் சுற்றுபவர், கோவையில் வேலைக்கு 20 கிலோமீட்டர் போய்வருபவர் எல்லாம் இதில் வருவார்கள். கோவைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவினாசி ரோட்டு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபின் உப்பிலிபாளையம்–கோல்டுவின்ஸ் இடையே 10 கிலோமீட்டர் தூரம் சிக்னல் இல்லாமல் போகிறது. பழைய நினைப்பில் கணக்குப் போடாமல், இப்போது ஓட்டுகிற வழியை எழுதுங்கள்.

பாதிக்கு மேல் வெளிரோடு என்றால், உதாரணமாகக் கரூரிலிருந்து வாரம் இரண்டு முறை சென்னை போகிறவர் என்றால், மிச்சம் குறையும். நூறுக்கு மேல் ஓட்டுகிறவருக்கு இன்னும் குறையும்.

மூன்றாவது கூறைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை: இரண்டு மூன்று கிலோமீட்டர் குட்டி ஓட்டங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜின் கிளம்பியதும், பேட்டரி நிறைந்திருந்தாலும், புகைக்குழாயில் இருக்கும் புகையைச் சுத்தம் செய்யும் கருவியையும் தன்னையும் சூடாக்கிக்கொள்ள ஓடத்தான் செய்யும். அது சூடாகும் நேரத்துக்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். வண்டியை நிறுத்துவீர்கள், திரும்பக் குளிர்ந்துவிடும். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் இப்படித்தான் என்றால், வீட்டில் சார்ஜர் வைக்க வசதியும் இருந்தால், முழு மின்சார காரையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 4: கூடுதல் விலை எத்தனை கிலோமீட்டரில் திரும்பும்?

ஹைப்ரிட்டுக்கும் அதே மாடலின் சாதாரண பெட்ரோலுக்கும் இடையே ஆன்ரோடு விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். ஷோரூம் விலை வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். விலை கூடக்கூட வரியும் சேர்ந்து ஏறும். ஜிஎஸ்டியிலும் பெரிய ஹைப்ரிட்டுக்குச் சலுகை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட கார்களுக்கு 40 சதவீதம், ஹைப்ரிட்டுக்கும் அதேதான்.

ஒரு மாதிரிக் கணக்கு. வித்தியாசம் 5 லட்சம் என்று வைப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். சாதாரண வண்டி 11 கொடுக்கிறது, ஹைப்ரிட் 17 கொடுக்கிறது. கிலோமீட்டருக்கு 9 ரூபாய் 9 பைசா ஒன்றுக்கு, 5 ரூபாய் 88 பைசா மற்றதுக்கு. மிச்சம் 3 ரூபாய் 21 பைசா. 5 லட்சத்தை அதால் வகுத்தால் ஒன்றே அரை லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். வருடம் 30,000 ஓட்டினால் ஐந்து வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். வருடம் 12,000 என்றால் பதிமூன்று வருடம். கடனில் வாங்கினால் அந்த 5 லட்சத்துக்கான வட்டியையும் சேருங்கள்.

என் கருத்தில், வருடம் 15,000 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுகிறவர் மைலேஜுக்காக மட்டும் ஹைப்ரிட் வாங்கத் தேவையில்லை. சத்தமில்லாத ஓட்டம், கிளட்ச் இல்லாத சுகம், மேல் வேரியன்ட் வசதிகள் இதற்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று மனதாரத் தெரிந்து வாங்கினால் சரி.

படி 5: வசதிகளைக் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஹைகிராஸ் முன்சக்கர ஓட்டம், பழைய இன்னோவா போலத் தனிச் சேசிஸ் இல்லை. தரை தாழ்ந்திருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி இறங்குவது எளிது. மூன்றாவது வரிசையில் பெரியவர் இருவரை உட்காரவைத்து அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஏசி காற்று அங்கே வரைக்கும் வருகிறதா, கால் எங்கே இடிக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். எட்டுப் பேர் இருக்கையா, நடு வரிசையில் தனித்தனி நாற்காலி போட்ட ஏழுபேர் வகையா என்பதையும் அங்கேயே தீர்மானித்துவிடலாம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எட்டுபேர் வகையே பிடித்துப்போகும்.

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் பார்க்கிறவர்கள் டிக்கியைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஹைப்ரிட் பேட்டரி அங்கேதான் இருக்கிறது, அதனால் சாதாரண பெட்ரோல் வகையைவிட இடம் நன்றாகவே குறையும். இரண்டு பெரிய பெட்டிகளைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பார்ப்பது உத்தமம்.

பாதுகாப்பில் ஹைகிராஸ் பாரத் என்கேப் என்ற இந்திய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. ரேடார் வைத்து முன்வண்டியோடு இடைவெளி காக்கும் குரூஸ், தடம் மாறினால் எச்சரிக்கை, தானாகப் பிரேக் பிடிப்பது எல்லாம் மேல் வேரியன்ட்டில் மட்டுமே. பெருந்துறையிலிருந்து சேலம் வரை நெடுஞ்சாலையில் இவை களைப்பைக் குறைக்கும். தாராபுரம் ரோட்டில் இரவில் விளக்கில்லாமல் வரும் டிராக்டர் டிரெய்லருக்கும், குறுக்கே ஓடும் ஆட்டுக்கும் இவற்றை நம்பி இருக்காதீர்கள். பெரிய கண்ணாடிக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை: சித்திரை வெயிலில் கரூர் பரமத்தி பக்கம் வசிக்கிறவருக்கு அது அழகைவிட அனலைத்தான் தரும்.

படி 6: ஓட்டும் முறையை மாற்றுங்கள்

மைலேஜ் பெரும்பகுதி பிரேக் பெடலில் இருக்கிறது. சிக்னல் சிவப்பாவது தெரிந்ததுமே காலை எடுத்து, லேசாக, நீண்ட நேரம் பிரேக் பிடியுங்கள். மோட்டார் முழுக்கச் சேர்த்துக்கொள்ளும். கடைசி நொடியில் அழுத்திப் பிடித்தால் சாதாரண பிரேக் உள்ளே வந்துவிடும், ஆற்றல் சூடாகப் போய்விடும். திரையில் இருக்கும் ஆற்றல் படத்தில் 'சார்ஜ்' பக்கம் ஊசி எங்கே நிற்கிறது என்று இரண்டு நாள் பார்த்தால் கால் தானே பழகிவிடும்.

கிளப்பும்போது ஊர்ந்துகொண்டே மின்சாரத்தில் போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பேட்டரி காலியானால் அதை நிரப்ப இன்ஜின்தான் ஓட வேண்டும், அதற்கும் பெட்ரோல்தான் செலவு. இயல்பாக வேகம் பிடித்து, வேண்டிய வேகம் வந்ததும் காலை லேசாகத் தளர்த்துங்கள். இன்ஜின் தானே அணைந்து மோட்டார் ஏந்திக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது 'டி'யிலேயே (ஓட்டும் நிலை) இருக்கட்டும். 'என்'னில் (நியூட்ரல்) வைத்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது.

வெளிரோட்டில் விஷயமே வேறு. காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். மணிக்கு 80-இல் இருப்பதைவிட 110-இல் அந்த விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நம் ஊரில் இதோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்கிறது. ஆனி, ஆடியில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சி நோக்கி, அந்தக் காற்றாலைகளுக்கு நடுவே மேற்கே போகும்போது எதிர்காற்று 30 கிமீ என்றால், நீங்கள் 80-இல் ஓட்டினாலும் வண்டி 110-இல் போவதுபோலத்தான் காற்றோடு மல்லுக்கட்டும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும். ஆடியில் ஒருவழி ஓட்டத்தின் மைலேஜைப் பார்த்து வண்டியில் கோளாறு என்று சர்வீஸுக்குப் போக வேண்டாம்.

படி 7: மலைப்பாதை

ஏறும்போது இன்ஜின் உறுமும், வேகம் அதற்கேற்ற மாதிரி ஏறாததுபோல் தோன்றும். கியர் மாறும் உணர்வே இல்லாததால் வரும் சத்தம் அது, பயப்பட வேண்டாம்.

இறக்கம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். குடும்பத்தோடு இரண்டு டன் எடை வண்டி சுமார் 1,900 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உருளும் சக்கரமும் காற்றும் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்றாலும் மிச்சம் நிறையவே இருக்கும். ஹைகிராஸ் பேட்டரியோ ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது, கிராண்ட் விட்டாராவில் முக்கால் யூனிட். அதிலும் முழுவதையும் கணினி பயன்படுத்த விடாது, நடுப்பகுதியை மட்டும்தான். ஆகவே கோத்தகிரி வழியாக இறங்க ஆரம்பித்துச் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே பேட்டரிக் கட்டங்கள் நிறைந்துவிடும். அதற்கப்புறம் சேர்க்க இடமில்லை. திடீரென்று பெட்ரோல் கொடுக்காமலேயே இன்ஜின் சுழலும் சத்தம் கேட்கும். வண்டியைப் பிடித்து நிறுத்தத்தான் அது சுழல்கிறது.

எனவே இறக்கத்தின் தொடக்கத்திலேயே 'பி' (B; பார்க்கிங்குக்கான P அல்ல) அல்லது 'எஸ்' (S) நிலைக்கு, உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அதற்கு, மாற்றிவிடுங்கள். பேட்டரி நிறைந்தபின் சாதாரண பிரேக்கின் மேல்தான் பெரும்பகுதிச் சுமை விழும், அது சூடேறாமல் காக்க இதுதான் வழி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, திம்பத்தில் 27 வளைவு, கொல்லிமலையில் 70 வளைவு. எல்லாவற்றிலும் இதே முறைதான். சமவெளி வந்ததும் 'டி'க்குத் திரும்ப மறக்காதீர்கள், இல்லையென்றால் மைலேஜ் அடிபடும்.

படி 8: உங்கள் மைலேஜை நீங்களே அளங்கள்

திரை காட்டும் எண் பெரும்பாலும் சற்றுக் கூடவே இருக்கும். ஒரே பங்கில், ஒரே பம்பில், தானாக நிற்கும்வரை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். டேங்க் பாதிக்குக் கீழே வரும்வரை ஓட்டிவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி நிரப்புங்கள். 512 கிலோமீட்டர் ஓடி 30.1 லிட்டர் பிடித்தால் 17. மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். "இன்னும் கொஞ்சம் அடிங்க தம்பி" என்று கழுத்துவரை நிரப்பச் சொல்லாதீர்கள், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் குடுவை கெட்டுப்போகும்.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, எனவே பழைய நாளைய எண்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் இறக்கம் இருக்கத்தான் செய்யும். டயர் காற்றை வாரம் ஒருமுறை காலையில், வண்டி ஓடும் முன், கதவுத் தூணில் எழுதியிருக்கும் அளவுக்கு வையுங்கள்.

படி 9: பராமரிப்பில் நம் ஊருக்கென்று உள்ளவை

பேட்டரியைக் குளிர்விக்க ஒரு விசிறி காருக்குள்ளிருந்தே காற்றை இழுக்கிறது. அந்த வாயில் ஒரு சின்ன ஃபில்டர். எங்கே இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். திருப்பூர் நிட்டிங் யூனிட்டுக்கும் பொள்ளாச்சி, காங்கேயம் நார் மில்லுக்கும் தினமும் போய்வரும் வண்டியில் இதைத் திறந்து பார்த்தால் தெரியும்: துணியிலும் காலணியிலும் ஒட்டி வந்த பஞ்சுத் தூசியும் நார்த் தூளும் சாம்பல் நிற மெத்தையாகப் படிந்திருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் ஒரு தகடாக உரிந்து வரும். காற்று அடைபட்டால் பேட்டரி சூடாகும், சூடானால் கணினி மோட்டாரின் வேலையைக் குறைக்கும், மைலேஜ் இறங்கும், பேட்டரி ஆயுளும் குறையும். சர்வீஸ் எழுதிக் கொடுக்கும்போது "பேட்டரி ஃபில்டர் சுத்தம் செய்யணும்" என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். அந்த வாயை மறைத்துத் துணிப்பையோ சீட் கவரோ வரக்கூடாது.

தோட்டத்து வீட்டில் நிறுத்துகிறவர்களுக்கு எலி பெரிய தொல்லை. ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம், நீங்களும் தொடக்கூடாது, தெருமுனை எலக்ட்ரீஷியனும் தொடக்கூடாது. ஹாரன், விளக்கு மாட்டுகிறேன் என்று இணைப்பைக் கீறினால் உத்தரவாதமே போய்விடலாம். தீவனமூட்டை அருகே நிறுத்தாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

சத்தமே இல்லாத வண்டி என்பதால் இரண்டு பழக்கம் வேண்டும். சந்தை நாளில் கூட்டத்துக்குள் மெல்லப் போகும்போது ஆட்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், இடைவெளி விடுங்கள். 'ரெடி' விளக்கு எரிய வண்டியை ஷெட்டுக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி குறைந்ததும் இன்ஜின் தானாகக் கிளம்பும், மூடிய ஷெட்டில் புகை உயிருக்கே ஆபத்து.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வரும்போது மட்டும் எடுக்கிற கார் என்றால், வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். பெரிய பேட்டரி நன்றாகவே இருந்தாலும், சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் வண்டி விழித்துக்கொள்ளாது.

படி 10: உத்தரவாதமும் பழைய வண்டியும்

டொயோட்டா, மாருதி இரண்டுமே ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிமீ, எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. வருடம் 30,000 ஓட்டுகிறவருக்கு அது ஐந்தே கால் வருடத்துக்குச் சற்று மேல் முடிந்துவிடும். படி 4-இல் போட்ட கணக்கில் காசு திரும்பும் நேரமும் ஏறத்தாழ அதேதான் என்பதைக் கவனியுங்கள்.

பழைய ஹைப்ரிட் வாங்குகிறவர் இரண்டு தாள் கேட்க வேண்டும்: கம்பெனி சர்வீஸ் பதிவு, சர்வீஸ் சென்டரில் எடுத்த ஹைப்ரிட் பேட்டரிச் சோதனை முடிவு. பிறகு ஊருக்குள் அரைமணி நேரம் ஓட்டி, பேட்டரிக் கட்டங்கள் சீராக ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்து அடுத்த நிமிடத்தில் காலியாகிற மாதிரி குதித்தால், இன்ஜின் அணையவே மறுத்தால், விலை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.